மதிலுக்கு வெளியே விட்ட நிழல்

நான் படித்த பெண்கள் பாலிடெக்னிக்கிலிருந்து இரண்டு மாணவிகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமாம்.

"ரிட்டயர் ஆனவங்க அனுபவம்னு ஒரு பகுதி வக்கிறோம்க்கா. நீங்க எழுதணும்."

"எனக்கு முப்பத்து மூணு வயசு."

ஒருத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்னொருத்தி கெட்டிக்காரி. "ரிட்டயர்னா வயசானவங்கன்னு இல்லக்கா. வேலைய விட்டு வந்தவங்க. நீங்க துபாய்ல எட்டு வருஷம் டிராஃப்டிங் பண்ணிட்டு விட்டுட்டீங்கல்ல?"

விட்டேன் என்பது பாதி உண்மைதான். உலகச் சந்தை சரிந்த வருடத்தில் துபாயில் பாதிக் கட்டடங்கள் எழும்பாமல் நின்றன. வரைவதற்கு எதுவும் இல்லாத அலுவலகத்துக்கு வரைபவள் எதற்கு? பெட்டியைக் கட்டிக்கொண்டு புதுச்சேரிக்கு வந்துவிட்டேன். மாணவிகள் போகும்போது இன்னொன்றும் சொன்னார்கள். இப்போது வரும் மென்பொருளில் சுவரைக் கோடாக வரைய வேண்டியதில்லையாம். சுவரையே எடுத்து வைத்துவிடலாமாம், பொம்மை வீடு கட்டுவதுபோல. நல்லதுதான். ஆனால் ஒரு கோட்டை எந்தப் பக்கம் போடுகிறோம் என்பதில் என் உத்தியோகமே ஒருமுறை தொங்கியது. அதை எழுதுகிறேன்.

என் அப்பா சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டினார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் உள்ளே போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். இதை நான் எங்கும் மறைத்ததில்லை. மெதுவாகச் சொன்னதும் இல்லை. அப்பாவுக்கு எழுத்து தெரியாது. தெருமுனைகளில் நீலத் தகட்டில் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதியிருக்கும் பெயர்கள் அவருக்கு வெறும் நீலத் தகடுகள். அவர் தெருக்களைக் கடலிலிருந்து எண்ணுவார். "கடலுக்கு மூணாவது தெரு, பழைய சொல்தா வீடு" என்று சவாரி பேசுவார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். கோடு கிழித்த மாதிரியான ஊர் என்பதால் அப்பாவின் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. கிழக்கே பார்த்து எந்தத் தெருவில் நின்றாலும் அதன் கடைசியில் ஒரு துண்டு கடல் தெரியும்.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர் ஊர். மஞ்சளும் வெள்ளையும் பூசிய உயரமான மதில்கள், மதிலைத் தாண்டி வழியும் காகிதப்பூ, எப்போதும் சாத்தியிருக்கும் பெரிய கதவுகள். அந்தத் தெருக்கள் அழகு. சுற்றுலாப் படங்களில் வருவது அவைதான். ஆனால் அங்கே பகலில் நடந்தால் உங்களுக்குத் துணை மதில் மட்டுமே.

வாய்க்காலுக்கு மேற்கே எங்கள் தமிழர் தெருக்கள் வேறு விதம். வீட்டுக்காரர் தன் மனையின் முன்பகுதியில் ஆள் நடக்கும் அகலத்துக்குத் தெருவுக்கு இடம் விட்டுவிட்டுத்தான் வீட்டுச் சுவரை எழுப்பியிருப்பார். விட்ட இடத்தின் மேல் மரத்தூண் நட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரம். மேல்மாடி பிரெஞ்சு மோஸ்தரில் வளைவு ஜன்னலும் சுதைத் தூணுமாக இருக்கும். கீழே மட்டும் நம் தாழ்வாரம். ஒரு வீட்டின் தாழ்வாரம் முடியும் இடத்தில் அடுத்த வீட்டுடையது தொடங்கும். வெயில் காலத்தில் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தலையில் வெயில் படாமல் போய்விடலாம். யாரையும் கேட்க வேண்டாம். மனை அவருடையது, தூணும் ஓடும் அவருடையது, நிழல் மட்டும் தெருவில் போகிறவருடையது.

மதியம் ஒரு மணிக்கு எங்கள் ஊரில் கடைகளைச் சாத்திவிடுவார்கள். நான்கு மணிவரை ஊரே தூங்கும். சவாரி கிடைக்காத அந்த நேரத்தில் அப்பா ஏதாவதொரு தாழ்வாரத்தை ஒட்டி வண்டியை நிறுத்துவார். விடுமுறை நாட்களில் நானும் கூட இருப்பேன். அவர் தூணில் சாய்ந்து தூங்க, நான் ரிக்‌ஷா இருக்கையில் உட்கார்ந்து கணக்குப் போடுவேன். உள்ளே வீட்டுக்காரர்கள் தட்டு கழுவும் சத்தம் கேட்கும். ஒருமுறைகூட யாரும் கதவைத் திறந்து எழுந்து போகச் சொன்னதில்லை. எழுந்து போகச் சொல்லலாம் என்பதே அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

படிப்பு முடிந்து, இங்கே ஒரு பொறியாளரிடம் சில காலம் வரைபடங்களுக்கு டிரேசிங் எடுத்து, ஏஜென்ட் மூலமாகத் துபாய் போனேன். அந்தக் கதை எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதால் விட்டுவிடுகிறேன்.

அலுவலகம் பர் துபாயில், மீனா பஜாருக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. வரைபடப் பிரிவில் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள். பிரிவுத் தலைவர் குணம். யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லி, எப்போதும் முழுக்கைச் சட்டை. நேர்முகத் தேர்வில் என் சான்றிதழைப் பார்க்காமல் ஒரு தாளைத் தள்ளினார்.

"ஒரு படிக்கட்டு கீறும் பிள்ளை, பாப்பம்."

வரைந்தேன். பார்த்தார்.

"நீர் கீறின படியில ஏறுற ஆள் தலையை இடிக்க மாட்டான். நாளைக்கு வாரும்."

அவரிடம் வேலை செய்வதற்கு ஒரு முறை உண்டு. வரைந்து முடித்ததைப் பெரிய தாளில் அச்செடுத்து அவர் மேசையில் விரிக்க வேண்டும். நான்கு மூலைக்கும் நான்கு கண்ணாடிக் குண்டு வைப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், இடது கீழ் மூலையில் தொடங்கி ஓரமாகவே சுற்றி வந்து, கடைசியில்தான் நடுவுக்கு வருவார். தப்பு எப்போதும் ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும் என்பது அவர் எண்ணம். தப்பு என்று எழுதமாட்டார், திட்டமாட்டார். சிவப்புப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவார், அவ்வளவுதான். எதற்காகப் போட்டார் என்று கேட்டால், "நீர்தானே கீறினது, உமக்குத்தானே தெரியும்" என்பார். நாமே கண்டுபிடிக்க வேண்டும். கேள்விக்குறி இல்லாத தாளின் அடியில் மட்டும் தன் பெயரின் முதல் எழுத்தைப் போடுவார். அந்த எழுத்து இல்லாமல் எதுவும் வெளியே போகாது. முதல் வருடத்தில் என் தாள்கள் அம்மை போட்ட முகம்போல இருந்தன. பிறகு குறைந்தது. நான் சேர்ந்து மூன்றாம் வருடத்திலிருந்து மற்றவர்கள் தங்கள் தாளை அவரிடம் கொடுப்பதற்கு முன்பு என்னிடம் காட்டிவிட்டுப் போனார்கள்.

வேலை பிடித்திருந்தது. ஊர்தான் பிடிபடவில்லை. சாயங்காலம் கடைத்தெரு வழியாக நடந்து, கோயில் சந்தில் பூ வாங்கி, படகுத்துறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அறைக்குப் போவேன். நடக்கும்போதெல்லாம் கண் எங்கள் தெருவைத் தேடும். ஒரு வளைவு ஜன்னல், வெயிலில் காயும் ஒரு ரொட்டிக்கடைப் பலகை, சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர், ஏதாவது ஒன்று கிடைத்துவிடாதா என்று. அங்கேயும் மதியத்தில் கடை சாத்துவார்கள். அந்த நேரத்தில்தான் எனக்கு ஊர் நினைவு தாங்காது. சாத்திய கடைகள் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் தெரு வேறாக இருக்கும். நின்று மூச்சு விட ஓர் ஓரம் இருக்காது. கட்டடங்கள் எல்லாம் கதவுக்கு உள்ளே குளிரை வைத்துக்கொண்டு, வெளியே தெருவின் மேல் சூட்டைக் கொட்டும். அறையில் கூடத் தங்கியிருந்த நர்ஸ் அக்கா கேலி செய்வாள்: "எல்லாரும் புருஷன நெனச்சு அழுவாளுங்க. இவ தெருவ நெனச்சு அழுவுறா."

அந்த நாட்களில்தான் தொழிலாளர் குடியிருப்பு வேலை வந்தது. ஊருக்கு வெளியே, தொழிலாளர் கேம்ப்புகள் நிறைந்த சோனாப்பூரில் ஒரு கட்டுமான நிறுவனம் தன் ஆட்களுக்கு மூன்று பிளாக் கட்டத் திட்டமிட்டது. முதல் பிளாக் எங்களுக்கு. அது சரியாக அமைந்தால் மற்ற இரண்டும் எங்களுக்கே. அலுவலகத்துக்கு அது பெரிய வேலை. முழுத் தொகுப்பையும் குணம் சார் என்னிடம் கொடுத்தார். ஒரு கட்டடத்தை முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடுவரை நான் தனியாக வரைவது அதுதான் முதல் தடவை.

அறைகள், கழிப்பறைகள், சாப்பாட்டுக் கூடம் எல்லாம் விதிப்படி வந்தன. முன்பக்கம் தெருவை ஒட்டி மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவில் குறிப்பிட்ட அகலம் வெறுமையாக விட வேண்டும் என்பது நகராட்சி விதி. அதில் அறை கட்ட முடியாது. எல்லாரும் மதிலை மனை எல்லையிலேயே எழுப்பி, அந்த வெறும் இடத்தை மதிலுக்கு உள்ளே வைத்துக் குப்பைத் தொட்டியும் உடைந்த கட்டிலும் போட்டு வைப்பார்கள்.

நான் தாளை விரித்தேன். குணம் சார் இடது கீழ் மூலையில் தொடங்கினார். தொடங்கிய இடத்திலேயே கேள்விக்குறி போட்டார். ஓரமாகவே நகர்ந்து, தெருப்பக்கம் முழுவதும் வரிசையாகக் கேள்விக்குறி. நான் குனிந்து பார்த்தேன். மதிலை நான் எல்லையில் போடவில்லை. உள்ளே தள்ளிப் போட்டிருந்தேன். மதிலுக்கு வெளியே, தெருப்பக்கமாக, வரிசையாகத் தூண் நட்டு மேலே சரிவுக் கூரை வரைந்திருந்தேன்.

தொழிலாளர்களை நினைத்து வரைந்தேன் என்று இப்போது சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி இல்லை. கை வரைந்துவிட்டது. எனக்கு வீட்டின் முகப்பு என்றால் அப்படித்தான் வரும், எங்கள் ஊர்க்காரர் யாருக்கும் அப்படித்தான் வரும்.

அன்று மட்டும் குணம் சார் வாய் திறந்து கேட்டார்.

"மதிலை ஏன் உள்ளுக்குப் போட்டிருக்கிறீர்?"

"எங்க ஊருல அப்படித்தான் சார்."

"இது உங்கட ஊரோ?"

"இல்ல சார்."

"சரி. மதிலுக்கு வெளியில நிக்கிற இந்தக் கூரை ஆருக்கு?"

அப்போதுதான் யோசித்தேன். சோனாப்பூரில் இடம் பார்க்கப் போன காலையில் கண்டது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு கேம்ப் வாசலிலும் டியூட்டி பஸ்ஸுக்கு ஆட்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வெட்டவெளியில் வரிசையாக நின்றார்கள். மதியம் இரண்டாம் ஷிஃப்டுக்கும் அப்படித்தான் நிற்பார்கள்.

"பஸ்ஸுக்கு நிக்கிறவங்களுக்கு சார். அந்த வழியா போறவங்களுக்கும்."

"றோட்டால போற சனத்துக்கோ? அவையள் எங்கட கிளையன்ட்டோ?"

"இல்ல சார். ஆனா அறை ஒண்ணுகூடக் கொறையல. அந்த எடத்துல எப்படியும் எதுவும் கட்ட முடியாது. குப்பைக்குப் போற எடந்தான்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கேள்விக்குறிகளை அழிக்கவும் இல்லை, தன் எழுத்தைப் போடவும் இல்லை.

"கிளையன்ட்டுக்குக் காட்டுவம். ஆனா கேட்டால் நீர்தான் மறுமொழி சொல்லவேணும். நான் வாய் திறக்க மாட்டன்."

அவர் திறக்கவும் இல்லை.

கட்டுமான நிறுவனத்தின் சார்பில் வந்தவர் வரதன். சென்னைக்காரர், திட்ட மேலாளர். அவர் வருவதற்கு முன்பே அவருடைய வாசனைத் திரவியம் வந்துவிடும். தாளைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னம்மா இது? நாங்க கேம்ப் கட்டறோமா, பஸ் ஸ்டாண்ட் கட்டறோமா?"

"கேம்ப்தான் சார். வாசல்ல கொஞ்சம் நிழல்."

"எந்த ஊரு நீ?"

"புதுச்சேரி."

"பாண்டியா? அங்க போறவன் நெழலுக்கா போறான்?" என்று தன்னோடு வந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் ஊரைப் பற்றி இந்த ஒரு நகைச்சுவைதான் தமிழ்நாட்டுக்குத் தெரியும்.

"குடிச்சவன் வெயில்ல விழாம இருக்கவும் எங்க ஊருல தாழ்வாரம் இருக்கு சார்," என்றேன்.

சிரிப்பு என் பக்கம் திரும்பியது. வரதன் முகம் மாறியது. தப்பான இடத்தில் ஜெயித்துவிட்டேன் என்று தெரிந்தது.

"இத பாரும்மா. மதில் உள்ள போனா, வெளிய இருக்கறது எங்க செக்யூரிட்டி கணக்குல வராது. பக்கத்துக் கேம்ப் ஆளுங்கல்லாம் வந்து உக்காருவாங்க."

"உக்காரட்டும் சார். அதுக்குத்தான்."

"அதுக்குத்தானா? எங்க இடத்துல கண்டவனும் வந்து உக்காரறதுக்கா நாங்க உங்களுக்கு வேலை குடுக்கறோம்?" குணம் சாரைப் பார்த்தார். "அடுத்த மீட்டிங் சைட்ல. மதில் எல்லையில இருக்கணும். இல்லேன்னா மத்த ரெண்டு பிளாக்குக்கு நாங்க வேற ஆபீஸ் பாத்துக்கறோம்."

அவர்கள் போன பிறகு குணம் சார் தாளைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"நீர் கீறினதை நீரே அழியும். வேற ஆள் அழிச்சால் உமக்கு மனம் ஆறாது."

அழிப்பது பெரிய வேலை அல்ல. கணினியில் மதில் கோட்டைத் தேர்ந்தெடுத்து எல்லைக்கு நகர்த்த வேண்டும், தூண்களையும் கூரையையும் நீக்க வேண்டும். செய்தேன். அச்செடுத்தேன். சுத்தமான தாள், எந்தக் கேள்விக்குறியும் விழாத தாள். அதைப் பார்க்கப் பார்க்க வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் அந்தச் சாத்திய மதில்களின் ஞாபகம் வந்தது. பழைய தாளையும் சேர்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். வேலை போனால் போகட்டும் என்று நினைக்கும் வசதி எனக்கு இல்லை. என் சம்பளத்தில்தான் தம்பி படித்தான். ஆனாலும் எடுத்துக்கொண்டேன்.

சைட் மீட்டிங் மதியத்துக்குத் தள்ளிப்போனது. வெயில் காலத்தின் நடுவில் சோனாப்பூர் மதியம் எப்படி இருக்கும் என்பதை அங்கே நின்றவர்களுக்குத்தான் சொல்ல முடியும். மற்றவர்களுக்கு எழுதினால் மிகைபோல இருக்கும். காலி மனையில் நான்கு ஆப்பும் ஒரு கயிறும் மட்டும் இருந்தன. வரதன் எல்லைகளைச் சுற்றிப் பார்த்தார். நானும் குணம் சாரும் தலையாட்டினோம். பார்த்து முடித்துக் காரைத் தேடினால் கார் இல்லை. எங்கள் மூவரையும் அழைத்து வந்தது அவர் கார்தான். டிரைவர் சாப்பிடப் போய்விட்டான். போன் அடித்தார். "வரேன் சார்" என்றான். கல்ஃபில் வரேன் என்றால் கிளம்பவில்லை என்று பொருள்.

எதிர்க் கேம்ப்பின் மதிலை ஒட்டி ஒரு தண்ணீர் லாரி நின்றது. அந்தத் தெருவில் இருந்த ஒரே நிழல் அந்த லாரியுடையது. இரண்டாம் ஷிஃப்ட் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஆட்கள் அதில் ஒண்டி நின்றார்கள். வரதன் முதலில் கைக்குட்டையைத் தலையில் போட்டார். பிறகு என் கையிலிருந்த சுருளைப் பார்த்தார், குடையாகுமா என்று பார்த்திருப்பார். பிறகு மெதுவாக லாரிப் பக்கம் நடந்தார். நாங்களும் போனோம். ஆட்கள் நெருக்கிக்கொண்டு எங்களுக்கு இடம் விட்டார்கள். வாசனைத் திரவியமும் வியர்வையும் தோளோடு தோள் நின்றன.

கொஞ்ச நேரத்தில் லாரிக்காரர் வந்து, எங்களைப் பார்த்து "யல்லா, யல்லா" என்று கையை வீசிவிட்டு ஏறி வண்டியைக் கிளப்பினார். லாரி போனது. நாங்கள் எல்லாரும் நின்ற இடத்திலேயே வெயிலில் நின்றோம்.

"போச்சுடா நம்ம கூரை," என்றார் ஓர் ஆள், விழுப்புரம் பக்கத்துப் பேச்சு. எல்லாரும் சிரித்தார்கள். வரதனும் சிரிக்க வேண்டியிருந்தது. அந்த ஆள் அவரிடம் ஆறுதலாகச் சொன்னார்: "பொறுங்க சார், அடுத்த வண்டி வரும். தெனமும் இப்படித்தான். நெழலு வரும், போவும்."

வரதன் தலையிலிருந்த கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குணம் சார் என்னைப் பார்க்கவே இல்லை. தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் வந்தது. ஏறி உட்கார்ந்து குளிர்காற்று முகத்தில் பட்ட பிறகு வரதன் பின்னால் திரும்பாமலே கேட்டார்.

"கையில எந்த ஷீட் வெச்சிருக்க?"

"ரெண்டும் இருக்கு சார்."

"ரெண்டும் வெச்சிருப்பேன்னு தெரியும். அகலம் ஜாஸ்தி. ஒன்றரை மீட்டர் போடு."

"ஒன்றரை மீட்டருல மழைக்குத்தான் ஒதுங்கலாம் சார். இங்க மழையே கெடயாது."

வரதன் குளிர்காற்றைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டார்.

"ரெண்டு. அதுக்கு மேல ஒரு இஞ்ச்கூட இல்ல. பெஞ்சு கிஞ்சு கிடையாது. எங்க ஆளுங்க மட்டும்தான், வாட்ச்மேன் கார்டு பாப்பான். சரியா?"

"சரி சார்."

நான் கேட்டதில் பாதி கிடைத்தது. கிடைத்த பாதியிலும் எனக்கு முக்கியமானது இல்லை. கார்டு பார்த்து விடும் நிழல் எங்கள் தெரு நிழல் அல்ல. ஆனாலும் வரைந்தேன். பெஞ்சு வேண்டாம் என்றதால் போடவில்லை. மணல் வந்து மதிலை அரிக்காமல் இருக்க மதிலின் அடியில் முழங்கால் உயரத்துக்குத் தடிப்பான அடிக்கட்டு ஒன்று, மதில் நீளத்துக்கும், வழவழப்பான சிமெண்ட் பூச்சோடு. குணம் சார் இடது கீழ் மூலையில் தொடங்கி ஓரமாக வந்தார். அடிக்கட்டு இருந்த இடத்தில் பென்சில் நின்றது. வெகுநேரம் நின்றது.

"மணலுக்கோ இது?"

"மணலுக்குத்தான் சார்."

"ஓம், இஞ்ச மணல் கூடத்தான்," என்றார். தாளின் அடியில் தன் எழுத்தைப் போட்டார்.

பிளாக் கட்டி முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் மற்ற இரண்டும் எங்களுக்கே வந்தன. மற்ற வேலைகளும் வந்தன. நான் வில்லா வரைந்தேன், கிடங்கு வரைந்தேன், சவுதியில் அல் கோபாருக்கு ஒரு பள்ளிக்கூடம் வரைந்தேன். ஊருக்கு லீவில் வந்தபோதெல்லாம் வாய்க்காலுக்கு மேற்கே நடந்தேன். சில வீடுகளில் தாழ்வாரத்துக்குக் கம்பிக்கதவு போட்டு ஸ்கூட்டர் நிறுத்தத் தொடங்கியிருந்தார்கள். ஓரிடத்தில் ஷட்டர் போட்டு செல்போன் கடை. நிழலில் நடந்துகொண்டே போனால் நடுவில் தெருவில் இறங்கி வெயிலில் சுற்றிக்கொண்டு மறுபடி ஏற வேண்டியிருந்தது. ஒவ்வொரு லீவுக்கும் இறங்க வேண்டிய இடங்கள் கூடின. அப்படி இறங்கும்போதெல்லாம் சோனாப்பூரின் அந்தத் தெரு நினைவுக்கு வரும். அங்கே என்ன ஆனதோ என்று. போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வாட்ச்மேன் கார்டு கேட்டு யாரையாவது எழுப்பி விரட்டுவதைப் பார்த்தால் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

அலுவலகம் மூடப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை குணம் சார் கேட்டார். "ஒருக்காப் போய்ப் பாப்பமோ பிள்ளை? பிறகு நீர் இஞ்ச வரமாட்டீர்."

அவர் காரிலேயே போனோம். பிற்பகல். தெருமுனையில் இறங்கி நடந்தோம். எங்கள் மதில் தூரத்திலேயே தெரிந்தது. கூரைக்குக் கீழே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஆட்கள். அடிக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முடி வெட்டிக்கொண்டிருந்தார். இருவர் தரையில் கட்டம் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். சட்டைகளைப் பார்த்தேன். மூன்று நான்கு கம்பெனிகளின் சீருடை நிறங்கள் கலந்து கிடந்தன. அவர்களுக்கு நடுவில் வாட்ச்மேன், நேபாளத்துக்காரன், தொப்பியை மடியில் வைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

அவனிடம் போய் ஹிந்தியில் கேட்டேன். வெளி ஆட்களை உட்காரவிடக் கூடாது என்று உத்தரவு இல்லையா?

"இருக்கு மேடம். உட்காருகிற எல்லாரிடமும் கார்டு பார்க்கணும். அதற்குக் கேட் பக்கத்தில் வெயிலில் நிற்கணும். ஒருநாள் நின்றேன்." வெங்காயத்தைக் காட்டினான். "அதோட கலாஸ்."

குணம் சார் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். அவர் சிரித்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

நான் உட்கார இடம் தேடினேன். உலர்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். கள்ளக்குறிச்சிப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"தமிழா? ஒக்காரும்மா. கார்டு கீர்டு ஒண்ணும் வாணாம். நானே பக்கத்துக் கேம்ப்தான்."

"பரவால்லண்ணே. இங்கே நெழல் நல்லா இருக்கே."

"ஆமா. எவனோ பிளானு போட்டவன் தப்பா போட்டுட்டான் போலருக்கு. மதில வெளிய வக்காம உள்ள வச்சிட்டான். கட்டுனப்பறம் இடிக்கவா முடியும்? வுட்டுட்டானுவ." மடித்த துணியைப் பக்கத்து மூட்டையில் அடுக்கினார். "அவன் வேல போயிருக்கும், பாவம். நமக்கு நல்லதாப் போச்சு."

"தப்புதாண்ணே," என்றேன். "சுத்தத் தப்பு."

அவர் துணி மூட்டையைத் தூக்கித் தனக்கு மறுபக்கம் வைத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.